புகைப்புரைக்குள் தக்கலை

என் தங்கை மகன் ரசலையன் இரண்டாயிரத்து நாலில் கத்தாரிலிருந்து லீவுக்கு வந்தபோது, அவனைக் கூப்பிடத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு ஒரு வேன் நிறைய ஆள் போனோம். நாற்பது பேர் இருப்போம். பன்னிரண்டு பேர் உட்காரும் வேன். நான் எதைச் சொன்னாலும் கால்பங்கைக் கழித்துவிட்டுக் கேட்பது எங்கள் குடும்பத்து வழக்கம். வாசிப்பவர்களும் அப்படியே கழித்துக்கொள்ளலாம். ஆனால் திரும்பி வரும் வழி முழுக்க என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்த அந்த அட்டைப்பெட்டியில் கழிக்க ஒன்றும் கிடையாது. அவ்வளவு பெரிய பெட்டி.

டிவி என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ரசலையனின் மனைவி நேசபாய் ஷோகேஸில் இருந்த கண்ணாடிச் சாமான்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, டிவிக்கு இடம் ஒழித்து வைத்திருந்தாள். குலசேகரத்துக்குத் தெற்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் கிடக்கிற ஊர் எங்களுடையது. வளைகுடாவிலிருந்து ஒரு பெட்டி வந்தால் அதைத் திறக்கிறபோது அக்கம்பக்கம் முழுவதும் நின்றாக வேண்டும். நின்றார்கள். ரசலையன் பிளேடால் கிழித்தான், தெர்மோகோலை உருவினான். நீலமும் வெள்ளையுமாக ஒரு பெட்டி வெளியே வந்தது. நான்கு மூலையிலும் கைப்பிடி, விலாவில் ஒரு ஆப்பிள் படம்.

"கேட்டியளா, டிவி எங்க?" என்றாள் நேசபாய்.

"இது கம்ப்யூட்டராக்கும் பிள்ளே. பவர் மேக்."

"படம் தெரியுமா?"

"தெரியும். அதுக்குத் திரை வேற வாங்கணும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நேசபாய் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து கண்ணாடிச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து ஷோகேஸிலேயே திரும்ப அடுக்க ஆரம்பித்தாள். ரசலையனின் முகம் அன்றைக்குத்தான் முதன்முதலாக அப்படிச் சுருங்கியதைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். தோகாவில் ஒரு அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிற இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. புதியது வாங்கியபோது பழையதைத் தூக்கிப் போட்டார்கள். குப்பைக்குப் போகிறதை இவன் கேட்டு வாங்கிக்கொண்டான். அவற்றின் உள்ளே இருந்த மூளைக்குப் பவர்பிசி என்று பெயர். நம் ஊர்க் கடைகளில் விற்கிற கம்ப்யூட்டர்களுக்கு எல்லாம் வேறு சாதி மூளை. மறுவருஷம் அந்த ஆப்பிள் கம்பெனியும் பவர்பிசியை விட்டுவிட்டு இன்டெல்லுக்குப் போகிறோம் என்று அறிவித்தது. ரசலையன் அப்போதும் லீவில் இருந்தான். இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஆராக்கும் மரிச்சது?" என்று என்னிடம் விசாரித்தாள். அவளுக்கு நான் என்ன பெயரைச் சொல்ல?

அதற்குப் பிறகுதான் பைத்தியம் முற்றியது. ஊரோடு வந்து சேர்ந்து, நாகர்கோவிலில் ஒரு அச்சகத்தில் வேலைக்கு அமர்ந்தான். தெற்கிலும் மேற்கிலும் இருக்கிற அச்சகங்கள் பழைய மேக்குகளை ஒதுக்க ஒதுக்க, இவன் போய் எடுத்தான். பழைய இரும்பும் தாளும் எடுக்கிற கடைக்கு எங்கள் பக்கம் ஆக்கர் கடை என்று பெயர்; அங்கேயும் கிடந்து பொறுக்கினான். பஸ்ஸில்தான் கொண்டுவருவான், மடியில் வைத்துக்கொண்டு. எந்த ஊரில் கிடைத்ததோ அந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்துவிடுவான். பாலராமபுரம், அழகியமண்டபம், களியக்காவிளை. "இண்ணைக்கு பாலராமபுரம் எழும்பவே மாட்டேங்குகான்" என்பான். கேட்கிறவர்களுக்கு ஏதோ உறவுக்காரர் காய்ச்சலாகக் கிடக்கிறார் என்று தோன்றும்.

களியக்காவிளையைக் கொண்டுவந்த அன்று எல்லைச் செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தி, போலீஸ்காரர் அவனை மட்டும் இறக்கினார்.

"உள்ள என்ன ஓய்? ஸ்பிரிட்டா?"

"கம்ப்யூட்டர் சார்."

"இந்தக் கோலத்திலயா? ஓட்டிக் காட்டும் பாப்பம்."

பக்கத்துச் சாயாக்கடையில் வயரைச் செருகி அமுக்கினான். இந்த இயந்திரங்களுக்கு உயிர் வருகிறபோது ஒரு ஒலி எழுப்பும், சபைக் கோயில் ஆர்மோனியத்தில் எல்லாக் கட்டையையும் ஒரே சமயம் அழுத்தினதுபோல. போலீஸ்காரர் தொப்பி விழ ஓடினார் என்று நான் சொல்வேன். ஓரடி பின்னால் வைத்தார் என்று ரசலையன் சொல்வான்.

வேலை என்றால் அப்படி ஒரு வேலை. முழுக்கப் பிரித்துப் போட்டு, பெயின்ட் பிரஷ்ஷால் தூசு தட்டி, செத்த கெப்பாசிட்டரைப் பிடுங்கி வேறு வைத்துப் பற்றவைப்பான். வெள்ளைப் பிளாஸ்டிக் நாள்பட்டால் மஞ்சளித்துவிடும். மருந்துக்கடைப் பெராக்சைடைப் பூசி, மொட்டைமாடியில் வெயிலில் வைப்பான். ஒரு பக்கம் மரச்சீனிக்கிழங்கு வத்தல், இன்னொரு பக்கம் நல்லமிளகு, நடுவில் கம்ப்யூட்டரின் மூஞ்சி. காக்காய்க்கு எதைக் கொத்துவது என்று குழப்பம். சிலவற்றின் உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி தீர்ந்துபோனால் அது தேதியை மறந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு ஆகஸ்ட் என்று காட்டும். நம் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர இன்னும் இரண்டு மாதம் பாக்கி. "பெரியம்மை, இதுக்கு நாம இப்பவும் திருவாங்கூர்காராக்கும்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவான். நானும் அதன் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பதினேழு வயதுக்காரியாக இருந்துவிட்டு எழுந்து வருவேன்.

வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. சபையின் கிறிஸ்துமஸ் ஆராதனை நிகழ்ச்சித்தாள் எல்லாம் அதில்தான் செய்தான். அவனுடைய ஒரே மகள் ஜாஸ்மி பள்ளிக்கூடத்துப் படங்களை எல்லாம் அதில்தான் வரைந்தாள். அவளுக்குப் பிரியமானது தக்கலை. மற்றவை பெட்டி மாதிரி இருக்கும். தக்கலையோ கவிழ்த்து வைத்த சோற்றுச்சட்டி மாதிரி. சட்டியின் நடுவிலிருந்து பளபளவென்று ஒரு கழுத்து, கழுத்தின் முனையில் தட்டையான திரை. விரலால் தொட்டால் தலையைத் திருப்பும். பால் மாதிரி வெள்ளை. தக்கலையில் ஒரு அச்சகத்தின் பின்கட்டில், மழைத்தண்ணீர் சொட்டிய இடத்தில் கிடந்ததை அப்பாவும் மகளுமாக மாதக்கணக்கில் இருந்து எழுப்பினார்கள். அவள் பக்கம் வடிவமைக்கிற வேலைக்கே போனதும் அதில் பழகிய பழக்கத்தில்தான்.

ஆனால் ஊர் அவனுக்கு ஆக்கர் என்று பெயர் வைத்துவிட்டது. எங்கள் ஊரில் ஒரு பெயர் விழுந்தால் கல்லறையில் பொறிக்கிற பெயரைக்கூட அதற்கப்புறம்தான் கேட்பார்கள். "ஆக்கர் வீடு எது?" என்று கேட்டுத்தான் தபால்காரர் வருவார். ரசலையன் சிரித்துக்கொண்டு போவான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

ஜாஸ்மிக்கு முதலில் வந்த சம்பந்தம் அதிலேதான் உடைந்தது. பெண் காண வந்தவர்கள் முன்னறையில் பிரித்துப் போட்டிருந்த வயரையும் தகட்டையும் பார்த்தார்கள். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு அம்மாள் சேற்றில் நடக்கிற மாதிரி சேலையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். போகிற வழியில் சாயாக்கடையில் நிறுத்தி, ஆக்கர் கடையில் பெண்ணெடுக்கிற அளவுக்கு நாங்கள் இன்னும் தாழ்ந்து போகவில்லை என்று சொல்லிவிட்டே போனார்கள். அது வீட்டுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? அவர்கள் கார் மார்த்தாண்டம் தாண்டியிருக்காது.

இரண்டாயிரத்துப் பதினாலில் அடுத்த சம்பந்தம் வந்தது. நாகர்கோவில்காரர்கள். பையன் எபிசன், கல்லூரியில் வாத்தியார். அப்பா தேவகுமார், வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை விட்டு, மத்தியானத்துக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இதுவும் தன்னால் உடைந்துவிடக் கூடாது என்ற ஒரே நினைப்பில் ரசலையன் அந்த வாரம் முழுக்க மெலிந்தான்.

சனிக்கிழமை அவன் எல்லாவற்றையும் முன்னறையிலிருந்து அப்புறப்படுத்தினான். மாடியில் வைக்க முடியாது, மழை. சொந்தக்காரர் வீட்டில் வைத்தால் ஊர் முழுக்கத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் புகைப்புரை இருக்கிறது. ரப்பர் ஷீட்டுகளைக் கம்பில் தொங்கவிட்டுப் புகையில் காயவைக்கிற சின்னக் கட்டடம். தீ எரிகிற குழி வெளிப்புறத்தில். புகை மட்டும் சுவருக்கு அடியால் உள்ளே போகும். தொங்குகிற ஷீட்டுகளுக்குக் கீழே பலகை போட்டு, எல்லாவற்றையும் அடுக்கிக் கதவைச் சாத்தினான். தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டுகிறவனும் புகை போடுகிறவனும் சிலுவைதாசன்தான். அவன் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டான். ஒரு நாள்தானே என்று இவன் கணக்குப் போட்டான். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், "எதுக்கண்ணே ஒளிச்சு வைக்கிய?" என்று அவன் கேட்பான். அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டுச் சொல்லவில்லை.

ஞாயிறு காலையில், வேலைக்காகத் தங்கியிருந்த நாகர்கோவில் விடுதியிலிருந்து வந்த ஜாஸ்மி காலியான முன்னறையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அப்பா, தக்கலை எங்க?"

"புகைப்புரையில வச்சிருக்கேன் மக்களே."

"அங்கயா? எதுக்குப்பா?"

"நீ சும்மா இரி. முன்ன வந்தவிய பறஞ்சிட்டுப் போனது ஓர்மையில்லியா?"

"அப்பா, நான் அவருகிட்ட..." என்று அவள் தொடங்கினாள். அதற்குள் நேசபாய் அவளைச் சேலை மாற்ற இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வார்த்தை பாதியிலேயே நின்றது.

வந்தார்கள். பார்க்க நல்ல மனுஷர்கள். தேவகுமார் ஜன்னலை, உத்தரத்தை, சுவரில் இருந்த வசனப் படத்தை எல்லாம் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் கம்ப்யூட்டருன்னு சொன்னாவ, ஒண்ணையும் காணல்லியே?" என்றார். அவர் குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. சும்மா கேட்டார்.

ரசலையன் மேசைத்துணியை நீவிக்கொண்டே, "அதெல்லாம் பழசு சார். ஆக்கர்காரனுக்குக் குடுத்தாச்சு. எதுக்கு அந்தச் சவங்கள வீட்ல வச்சுகிட்டு" என்றான்.

சாயாத்தட்டோடு வாசற்படியில் நின்றாள் ஜாஸ்மி. அது அவள் காதில் விழுந்தது என்பது எனக்குத் தெரியும். தட்டில் ஒரு டம்ளர் இன்னொரு டம்ளரில் இடித்தது. எபிசன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

இனிமேல் சொல்வதில் நீங்கள் எதையும் கழிக்க வேண்டாம்.

சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது புகை மணம் வந்தது. தேங்காய்த் தொண்டும் சிரட்டையும் எரிகிற மணம் எங்களுக்குப் பழகினது. வந்தவர்கள் மூக்கைச் சுளித்தாலும் நாங்கள் கவனிக்க மாட்டோம். ஆனால் அதற்குள்ளே இன்னொரு மணம் இருந்தது, இஸ்திரிப் பெட்டி நைலான் சேலையில் பட்டதுபோல. நான் ரசலையனுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவன் மூக்கு அறிந்தது. கண் பின்வாசலுக்குப் போய்த் திரும்பியது. எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். எழுந்தால் பத்து எட்டில் புகைப்புரை. கதவைத் திறந்தால் போதும். ஆனால் கதவைத் திறந்தால், கொடுத்தாச்சு என்று இப்போதுதான் சொன்னது அவ்வளவும் வெளியே வரும்.

"என்னமோ கரியுகே?" என்றார் தேவகுமார்.

"ஷீட்டுக்குப் புகை போடுகதாக்கும் சார். நீங்க இத எடுங்க" என்று முந்திரிக்கொத்துத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினான். தானும் ஒன்றை எடுத்துக் கடித்தான். அதை மென்றுகொண்டே இருந்தான். விழுங்கவில்லை. உட்கார்ந்தே இருந்தான்.

மணம் கூடியது. ஜாஸ்மி தட்டை மேசையில் வைத்தாள். பட்டுச்சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பின்வாசல் வழியாக இறங்கி நடந்தாள். ஓடவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் எழுந்து பின்பக்கம் போனால் வந்தவர்கள் என்ன செய்வார்கள்? பின்னாலேயே போனார்கள். கடைசியில்தான் ரசலையன் எழுந்தான்.

அவள் கதவைத் திறந்ததும் புகை சுருண்டு வெளியே வந்தது. முழங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய், தக்கலையை மார்போடு அணைத்துத் தூக்கி வந்தாள். பால் வெள்ளை போய்க் கருப்பட்டி நிறமாகியிருந்தது. மற்றவற்றில் சில அடியில் இளகி, பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பாலராமபுரத்தின் முகம் ஒருபக்கம் கோணியிருந்தது.

எபிசன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவள் அருகில் போனான். "இதுவா தக்கலை?" என்றான்.

"இதுதான்."

அவனுக்குப் பெயர் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றின் பெயரும் தெரிந்திருந்தது. "அப்பம் களியக்காவிளை எது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தான். சம்பந்தம் பேசின நாளிலிருந்தே அவள் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், அவன் அதைப் பார்க்கிற ஆசையில் வந்திருக்கிறான் என்பது ரசலையனுக்கு அந்த இடத்தில், அத்தனை பேர் நடுவில், விளங்கியது. தேவகுமார் மெதுவாக, "ஆக்கர்காரனுக்குக் குடுத்தாச்சுன்னு சொன்னீங்க இல்லியா?" என்றார். ரசலையன் வாயில் இன்னும் அந்த முந்திரிக்கொத்து இருந்தது.

புகைப்புரையின் பின்னாலிருந்து சிலுவைதாசன் கையில் சிரட்டையோடு ஓடி வந்தான். மூன்று நாள் மழையில் ஷீட்டு பூஞ்சை பிடித்துவிடுமே என்று வந்திருக்கிறான். வீட்டில் விருந்தாளிகள் இருப்பதைக் கண்டு, தொந்தரவு வேண்டாமென்று சத்தமில்லாமல் தீ மூட்டியிருக்கிறான். உதவியாகத்தான் செய்தான்.

"அண்ணே, எனக்குத் தெரியாதே! ஒரு வாக்கு எங்கிட்ட சொல்லியிருக்கப்பிடாதா?"



கல்யாணம் நிச்சயமானது. அதில் ஒரு தடங்கலும் வரவில்லை. தேவகுமார் அந்தப் பேச்சைப் பிறகு எடுக்கவே இல்லை. அதுதான் ரசலையனுக்குப் பெரிய உபத்திரவம். ஜாஸ்மியும் எடுக்கவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்பாள், மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாள். எதிரில் இருந்த தக்கலையைப் பற்றி மட்டும் ஒரு சொல் கிடையாது. திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

மற்றதை எல்லாம் ஒதுக்கிவிட்டு அவன் தக்கலையைப் பிரித்தான். விசிறியில் அப்பின கரியைத் துடைத்தான். கருகின வயரைக் கழற்றி, பாலராமபுரத்திலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினான். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்த ஆர்மோனிய ஒலி வீட்டில் கேட்டது. நான் போய்ப் பார்த்தேன். உள்ளே எல்லாம் புதுசு மாதிரி; வெளியே மட்டும் கரி அப்படியே இருந்தது.

"லேய், பெராக்சைடு போட்டு வெயில்ல வச்சா வெளுக்காதா?"

"கொஞ்சம் வெளுக்கும் பெரியம்மை."

"பின்ன?"

"இருக்கட்டு" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கல்யாணம் முடிந்து, பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குச் சமையல் சாமான்களோடு போய் அடுக்களை காணுகிற சடங்கு வந்தது. வேனில் வார்ப்பும் குடமும் குக்கரும் மிக்சியும் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஜாஸ்மி போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, தக்கலையையும் கொண்டு வாருங்க. வேற ஆருகிட்டயும் குடுக்கப்பிடாது. நீங்களே கையில எடுத்துட்டு வரணும்."

"சரி மக்களே. ஒரு துணியைச் சுத்தி..."

"சுத்தாண்டாம்ப்பா."

நாகர்கோவிலில் அவர்கள் தெருவுக்குள் வேன் திரும்பவில்லை. முனையில் இறங்கி வரிசையாக நடந்தோம். முன்னால் போன பெண்களின் கையில் எவர்சில்வர் கண்ணைக் கூசியது. அத்தனை பளபளப்புக்கும் பின்னால், வெள்ளை வேட்டி சட்டையில், கரி பிடித்த சட்டி ஒன்றை அணைத்துக்கொண்டு ரசலையன் வந்தான். கேட்டுக்குக் கேட்டு ஆட்கள் நின்று பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்து நடந்தான். மாப்பிள்ளையின் அத்தை இசபெல் வாசலில் நின்று ஒவ்வொரு சாமானாக வாங்கிக்கொண்டிருந்தாள். இதைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

"இது என்னதுங்க?"

"கம்ப்யூட்டர். பழசு. ஆக்கர் கடைக்குப் போகவேண்டியத எடுத்து நானாக்கும் சரியாக்கினது."

"இது ஏன் இப்படிக் கரிஞ்சிருக்கு?"

ஜாஸ்மி உள்ளேயிருந்து வந்து அத்தைக்குப் பின்னால் நின்றாள். ரசலையன் தெருவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சமாளிப்பதற்கு என்னிடம் ஏழெட்டுக் கதை தயாராக இருந்தது. ஒரு கண்ணசைவு போதும், எடுத்து விட்டிருப்பேன். அவன் கேட்கவில்லை.

"நான் ஒளிச்சு வச்சேன்" என்றான். "இவிய எல்லாம் பாத்திரப்பிடாதுன்னு. அதுல வந்ததாக்கும்."

இசபெல்லுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜாஸ்மி அவளைத் தாண்டி வந்து திரையின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். சட்டிப்பக்கம் அப்பாவின் கையில் இருந்தது. அப்படியே இரண்டு பேருமாக உள்ளே கொண்டுபோனார்கள்.

அன்றைய படம் ஆல்பத்தில் இருக்கிறது. புத்தம்புதுப் பாத்திரங்களுக்கு நடுவில் எல்லாரும் பல் தெரிய நிற்கிறோம். ரசலையன் மட்டும் குனிந்திருக்கிறான். அவனுடைய வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்கு நேரே, வட்டமாக ஒரு கரித்தடம். கையைச் சற்று உயர்த்தியிருந்தால் மறைந்திருக்கும். கை இரண்டும் பக்கவாட்டில் தொங்குகின்றன.